வேகத்தடை

மொயாலேவுக்குப் போகும் சாலையில்
எங்கள் ஊரை ஓட்டுநர்கள் "பஞ்சர்" என்றே அழைப்பார்கள்.
எரிமலைக் கல்லின் முனை டயரைக் கிழிக்கும்
இடம் எதுவோ அதுதான் ஊர்.
வேறு காரணம் எதுவும் இல்லை அது அங்கே இருக்க.

நான் ஹலகே, டயர் ஒட்டுகிறவன்.
நாளுக்குப் பத்துப் பதினோரு ஓட்டை.
மழை பிடித்தால் லாரிகள் நாலு நாள் சேற்றில் கிடக்கும்.
வாக்கோ தன் விடுதியின் ஒற்றைக் கட்டிலை
மூன்று பேருக்கு முறைவைத்து வாடகைக்கு விடுவான்.
"கட்டிலுக்குத்தான் தூக்கமே இல்லை" என்பான்.

தூமேயின் ஒட்டகப்பால்
ஏற்றும்போது பால், இசியோலோவில் இறக்கும்போது புளிப்பு.
பாதி விலை. சில நாள் அதுவும் இல்லை.
அவள் சாலையைத் திட்டும்போது
நான் குனிந்து சுத்தியலைத் தேடுவேன்.
அவள் பாலைத் திரித்த அதே கல்தான்
என் அடுப்பில் உலை வைத்தது.

பிறகு தார் வந்தது.

ஜல்லி சுமக்க நானும் போனேன். நல்ல கூலி.
எதன் மேல் கொட்டுகிறேன் என்று
ஏழாவது மாதம்தான் உறைத்தது.

திறந்த அன்று ஊரே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தது.
சுட்டது. யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஊர்ப்பெயர் எழுதிய பலகை ஒன்று,
அந்தக் கோடியில் அதே பெயரைக்
குறுக்கே அடித்த பலகை ஒன்று.
இரண்டுக்கும் நடுவே லாரிக்குப் பன்னிரண்டு விநாடி.
எண்ணிப் பார்த்தேன். எனக்கு நேரம் இருந்தது.

வாக்கோவின் கட்டில்கள்
அதே சாலையில், ஒரு லாரியின் முதுகில், மர்சபிட் போயின.
நைரோபியிலிருந்து எவரோ இருபுறமும் நிலம் வாங்கி
சிமெண்டுக் கல் நட்டார்கள்.
மேய்ச்சலுக்கு விலை உண்டென்று
அன்றுதான் ஆடுகளோடு சேர்ந்து நாங்களும் அறிந்தோம்.

தூமேயின் பால் இப்போது
புளிக்கும் முன்பே தலைநகரில் விற்றுத் தீர்கிறது.
பணம் போனில் வருகிறது.
குளிர்பெட்டி வாங்கினாள்.
நாற்பது பெண்கள் அவளிடம் கேன் கொடுக்கிறார்கள்.

ஒடுவோர் என்ற அதிகாரி கணக்கெடுக்க வந்தார்.
பயண நேரம் மிச்சமா? ஆம்.
வருமானம் கூடியதா?
யாருடையது என்று கேட்டேன்.
அதற்குக் கட்டம் இல்லை.
தூமேயின் ஏற்றத்தையும் என் இறக்கத்தையும் கூட்டி
இரண்டால் வகுத்தால்
ஊர் முன்னேறியிருக்கிறது.
நானே சரிபார்த்தேன், தவறில்லை.

நிலவில்லாத ஓர் இரவில்
கல்லும் செம்மண்ணும் தூக்கிக்கொண்டு
ஏழெட்டுப் பேர் சாலைக்குப் போனோம்.
வழியில் தூமே.
கேன் கவிழும் என்று தடுப்பாள் என நினைத்தேன்.
"நான் கை காட்டினால் பஸ் நிற்பதில்லை, தெரியுமா?
வேகம் பழகிவிட்டது அவனுக்கு.
எட்டு கிலோமீட்டர் நடந்து சோதனைச் சாவடியில் ஏற்றுகிறேன்"
என்றாள். இரண்டு மூட்டை சிமெண்டுக்குக்
காசு அனுப்பினாள், அங்கேயே, இருட்டில்,
போன் வெளிச்சம் மூக்கில் விழ.

விடியலில் முதல் லாரி துள்ளி நின்றது.
முதிண்டா இறங்கினான்,
எங்கள் வம்சத்தையே இழுத்துத் திட்டினான்.
திட்டி முடித்துத் தேநீர் இருக்கிறதா என்றான்.

ஒரே வாரத்தில் உடைத்தார்கள்.
மறுபடி கட்டினோம். மறுபடி உடைத்தார்கள்.
மூன்றாம் முறை ஒரு சிறுவன் கடக்கும்போது அடிபட்டுக்
கால் போன பிறகு
அவர்களே கட்டி, மஞ்சள் கோடும் போட்டார்கள்.
அவனுக்கு எந்தப் பலகையும் இல்லை.

இப்போது பதினெட்டு விநாடி.
கூடுதல் ஆறு விநாடியில்
எதை விற்க முடியும் என்று
ஊரே கற்றுக்கொண்டிருக்கிறது.
வறுத்த கடலை முடிகிறது. கீறிய தர்பூசணி முடிகிறது,
சில்லறை சரியாக இருந்தால்.

டயர் ஒட்ட முடியாது.